தைலமரத் தோப்பும் கிணற்று மட்டமும்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்களுக்குப் பேராவூரணி பக்கம், கல்லணைக் கால்வாய்க் கடைமடை. பக்கத்துத் தைலமரத் தோப்பை வெட்டிய பிறகு எங்கள் கிணற்றில் தண்ணீர் நன்றாக ஏறியது. இப்போது வெட்டிய கட்டைகளில் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து ஆளுயரம் தாண்டிவிட்டது; மட்டம் மறுபடி இறங்குகிறது.

மெல்போர்ன் அருகே 1939 காட்டுத்தீக்குப் பின் முளைத்த இளங்காடு, முதிர்ந்த காட்டைவிட அதிகமாக நீர் உறிஞ்சியதால் ஓடைகளில் பல ஆண்டுகள் வரத்து குறைந்தது. அதுவும் நம் தைலமரம் போல யூகலிப்டஸ் இனம்தான். இங்கும் அதுதான் நடக்கிறதா, இல்லை மழையும் மேட்டூர்த் திறப்பும் காரணமா? இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

தோப்பு வெட்டுக்கு முன்னும் பின்னும் கிணற்று மட்டம் குறித்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள். அப்புறம், கட்டைக்கு ஒரு துளிரை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்தால் பலன் உண்டா? தோப்புக்காரர் நல்ல மனிதர், ஆதாரத்தோடு பேசினால் கேட்பார்.