கலைச்சொல்: ‘நட்சத்திரக் குறியிடாத வினா’வுக்கு மாற்று வேண்டும்

வணக்கம்.

நாடாளுமன்ற நடைமுறைச் சொற்பட்டியல் முடியும் தறுவாயில் இந்தச் சொல்லில் வந்து இடறுகிறது. மக்களவை உறுப்பினர் அமைச்சரிடம் வாய்மொழியாக விடை வேண்டுமென்றால் தன் வினாவில் * குறி இடுவார். குறி இல்லையேல் விடை எழுத்தில் வரும். பாடநூல்களில் முன்னது நட்சத்திரக் குறியிட்ட வினா, பின்னது நட்சத்திரக் குறியிடாத வினா. செய்தித்தாள்கள் முன்னதை ‘நட்சத்திரக் கேள்வி’ என்று சுருக்கிவிட்டன. படித்தால் ஜாதகம் பார்க்கக் கேட்ட கேள்வி போல இருக்கிறது.

மக்களவையில் ஒரு நாளைக்குக் குறியிட்டவை 20, குறியிடாதவை 230. மாநிலங்களவையில் 15-ம் 160-ம். ஆக, பத்தில் ஒன்பது வினாவை அதனிடம் இல்லாத ஒன்றைச் சொல்லித்தான் அழைக்கிறோம். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நடக்கவில்லை. குறியிட்ட வினா ஒன்றுகூட இல்லை. அப்போதும் வந்தவை எல்லாம் ‘குறியிடாத’ வினாக்கள்தாம்!

உடுக்குறி என்றும் ஒரு வழக்கு உண்டு. உடு என்றால் விண்மீன், சரி. ஆனால் இன்றைக்கு ‘உடு’ என்று தனியாகக் கண்டால் வேட்டி நினைவுதான் வரும்.

என் முன்மொழிவு: எழுத்து வினா, வாய் வினா. கருத்துச் சொல்லுங்கள்.

———

மறு: ‘நட்சத்திரக் குறியிடாத வினா’வுக்கு மாற்று

> என் முன்மொழிவு: எழுத்து வினா, வாய் வினா.

ஐயா, இதில் பொருளே மாறிவிடுகிறது. இரண்டு வகை வினாவும் எழுத்தில் தரப்படுபவைதான். அறிவிப்பு கொடுக்கும் நாளும் விடை வரும் நாளும் நீங்கலாக, இடையில் குறைந்தது 15 நாள் இருக்கும்படி முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். குறியிட்ட வினாவைக்கூட அவையில் யாரும் முழுதாகப் படிப்பதில்லை. மக்களவைத் தலைவர் உறுப்பினரின் பெயரைச் சொல்வார், உறுப்பினர் எழுந்து எண்ணை மட்டும் சொல்வார், அமைச்சர் விடை தருவார். வாயால் கேட்கப்படுவது அதன்பின் வரும் துணைக்கேள்விதான். வேறுபாடு விடையில் இருக்கிறது, வினாவில் இல்லை.

எனவே எழுத்துவிடை வினா, வாய்விடை வினா என்று சொல்லலாம். நாலு எழுத்து கூடினாலும் பிழையில்லை.

‘எழுத்துப்பூர்வ வினா’ என்று யாராவது கொண்டு வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பூர்வம் என்றால் முன்பு. ‘எழுத்துப்பூர்வமான பதில்’ செய்தி மொழியில் வேரூன்றிவிட்டது, அதை அசைக்க முடியாது. ஆனால் சொற்பட்டியலுக்குள் அதை நாமே அழைத்து வர வேண்டியதில்லை.

———

மறு: மறு: ‘நட்சத்திரக் குறியிடாத வினா’வுக்கு மாற்று

> எழுத்துவிடை வினா, வாய்விடை வினா என்று சொல்லலாம்.

தரவுத்தளம் அமைப்பவர்களின் பக்கத்திலிருந்து ஓர் எச்சரிக்கை. இந்தப் பெயரை வைத்தால் வகைப்பாடு முதல் நாளே உடையும்.

கேள்வி நேரம் ஒரு மணி நேரம். மக்களவையில் 11 முதல் 12 வரை. மாநிலங்களவையில் 2014 இறுதியிலிருந்து 12 முதல் 1 வரை. ஒவ்வொரு வினாவுக்கும் துணைக்கேள்விகள் நீள்வதால் 20-இல் நாலைந்தைத் தொடுவதற்குள் மணி அடித்துவிடும். மிச்சம் 15 வினாவுக்கு என்ன ஆகும்? விடைகள் எழுத்துவடிவில் அவை முன் வைக்கப்படும். ஆக, வாய்விடை கேட்ட வினாக்களில் பெரும்பாலானவை எழுத்துவிடைதான் பெறுகின்றன. ‘எழுத்துவிடை’ என்று வடிகட்டினால் 230 வராது, 245 வரும். தொட்ட வினாவிலும் அமைச்சர் ‘அறிக்கை அவை முன் வைக்கப்படுகிறது’ என்று ஒரு வரி சொல்லி முடிப்பது வழக்கம். அதை எதில் சேர்ப்பது?

இன்னொரு சிக்கல் மக்களவை நடைமுறை விதி 44. வாய்விடை வேண்டிக் குறியிட்டிருந்தாலும், எழுத்துவிடையே பொருந்தும் என்று கருதினால் தலைவர் அதை மற்றப் பட்டியலுக்கு மாற்றலாம். மாவட்டவாரியாகப் புள்ளிவிவரம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகும். ஆக ஒரே வினாவுக்கு மூன்று செய்திகள் உண்டு: உறுப்பினர் எதை வேண்டினார், எந்தப் பட்டியலில் அச்சாயிற்று, கடைசியில் விடை எப்படி வந்தது. நமக்கு வேண்டிய சொல் நடுவில் உள்ளதைக் குறிக்க வேண்டும்.

குறியை நம்பவும் முடியாது. எண் வரிசை இரண்டுக்கும் தனித்தனி. கூட்டத்தொடர் தொடங்கும்போது இரண்டும் 1-இலிருந்து ஓடும். நாளொன்றுக்கு 20 என்றால் *45 மூன்றாம் நாளுக்கு உரியது. குறியில்லாத 45 முதல் நாளிலேயே வந்திருக்கும். படியெடுக்கும்போது அந்த * உதிர்ந்தால் போதும், நீர்வளம் பற்றிய வினாவுக்கு ரயில்வே விடை சொன்ன மாதிரி ஆகிவிடும். விக்கியில் வரித் தொடக்கத்தில் * இட்டால் அது பட்டியல் புள்ளியாக மாறி மறைந்துபோகும். அச்சில் குறியிட்டவற்றுக்குப் பச்சைத்தாள், மற்றதற்கு வெள்ளைத்தாள் என்று கண்ணால் பிரித்துவிடலாம். கோப்பில் தாளுக்கு ஏது நிறம்? வேறுபாட்டைச் சொல்லே தாங்க வேண்டும்.

———

மறு: மறு: மறு: ‘நட்சத்திரக் குறியிடாத வினா’வுக்கு மாற்று

வணக்கம். இலங்கைப் பாராளுமன்றத்தின் தமிழ் வழக்கை இங்கே ஒருவரும் எடுக்கவில்லை. அங்கே பெயரில் நட்சத்திரப் பேச்சே கிடையாது. ஒழுங்குப் பத்திரத்தில் ‘வாய்மூல விடைக்கான வினாக்கள்’ என்று இருக்கும். அவைப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டில் ‘வினாக்களுக்கு வாய்மூல விடைகள்’, ‘வினாக்களுக்கு எழுத்துமூல விடைகள்’ என்று தலைப்புகள் வரும். இரண்டையும் வைத்துப் பாருங்கள். நடக்கப் போவதைச் சொல்லும் தாளில் ‘விடைக்கான வினா’ என்று வினாவுக்குப் பெயர். நடந்ததைச் சொல்லும் தாளில் ‘வினாக்களுக்கு விடைகள்’ என்று விடைக்குப் பெயர். நீங்கள் குழம்புகிற இடத்தை அந்த ‘ஆன’ தீர்த்துவிடுகிறது.

> ‘அறிக்கை அவை முன் வைக்கப்படுகிறது’ ... அதை எதில் சேர்ப்பது?

அங்கேயும் இது நாளாந்தம் நடக்கிற விஷயம். விடை நீளமானால் அமைச்சர் அதை வாசிக்காமல் சபாபீடத்தில், அதாவது உங்கள் வழக்கில் ‘அவை முன்’, சமர்ப்பிப்பார். ஹன்சாட்டில் அது வாய்மூல விடைகளின் பகுதியிலேயே, ‘சபாபீடத்தில் வைக்கப்பட்ட விடை’ என்ற குறிப்போடு அச்சாகும். பகுதியை மாற்றமாட்டார்கள். அதாவது வினாவின் வகை ஒன்று, விடை வந்த விதம் இன்னொன்று என இரண்டு இடத்தில் பதிவு. உங்கள் தரவுத்தளத்திலும் இரண்டு புலம் வைத்தால் முடிந்தது.

சபாபீடம் என்பதை ‘மேசை’ ஆக்கிவிடாதீர்கள். ‘மேசைமேல் வைக்கப்பட்டது’ என்று ஓர் இடத்தில் கண்டேன். தேநீர்க் கோப்பை வைத்தது போல இருந்தது.

———

மறு: விடைக்கான வினா

இலங்கை நண்பர் சொன்னது இலக்கணப்படியும் சரி. என் ‘எழுத்துவிடை வினா’ ஒரு தொகைநிலைத் தொடர், இடையில் ஒரு சொல் மறைந்து நிற்கிறது. அதை ‘எழுத்துவிடை பெற்ற வினா’ என்றும் விரிக்கலாம், ‘எழுத்துவிடை வேண்டிய வினா’ என்றும் விரிக்கலாம். மறைந்திருக்கும் சொல்லை வாசகர் தம் விருப்பம்போல் நிரப்பிக்கொள்வார். ‘எழுத்துவிடைக்கான வினா’ என்றால் நான்காம் வேற்றுமை வெளிப்பட்டு நிற்கிறது. எதை நோக்கிக் கேட்டது என்பது தெரியும்; எது கிடைத்தது என்று அது சொல்வதில்லை. என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்.

‘மூல’ மட்டும் எனக்கு உறுத்துகிறது. வடசொல் என்பதற்காகச் சொல்லவில்லை. துணைக்கேள்வி என்று ஒன்று இருக்கும்போது, அது எந்த வினாவிலிருந்து கிளைத்ததோ அதை மூல வினா என்று எழுதும் தேவை வரும். அங்கே ‘எழுத்துமூல வினா’ என்று எவராவது சுருக்கினால் இரண்டும் மோதும். எழுத்துவிடை, வாய்மொழி விடை போதும். வாய்விடை என்பதையும் விட்டுவிடலாம், செயற்கையாக இருக்கிறது.

வினாவா கேள்வியா என்று அடுத்த மடல் வரும் என்பதால்: பட்டியலில் வினா, விடை. பேச்சில் வேரூன்றிய கேள்வி நேரம், துணைக்கேள்வி இரண்டையும் அப்படியே விடுவோம். துணைவினா என்று திருத்தினால் துணைவினை என்று படிப்பார்கள்.

———

மறு: விடைக்கான வினா

தலைப்புச் சொல் ஏறக்குறைய முடிந்தது. இதோடு ஒட்டிய இன்னொன்று மிச்சமிருக்கிறது. பிரிட்டன் மக்களவையில் உறுப்பினர் எழுத்துவிடைக்கான வினாவுக்குத் தாமே நாள் குறிக்கலாம். நாளொன்றுக்கு 5 வரை. குறித்த நாளில் துறை தயாராக இல்லையென்றால் ‘விரைவில் விடை தருகிறோம்’ என்று ஒரு விடை போடும். இதற்குத் தமிழில் என்ன? தவணை விடை என்று எழுதி வைத்திருக்கிறேன். தவணை சொல்வது நம் ஊர்ப் பேச்சுதானே.

———

மறு: தவணை விடை

சொல் அழகு. ஆனால் தவணை சொல்பவர் ஏய்க்கிறார் என்ற தொனி அதில் கூடவே வருகிறது. துறை உண்மையிலேயே கீழ் அலுவலகங்களிடமிருந்து தகவலுக்குக் காத்திருக்கலாம். சொற்பட்டியல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இடைக்கால விடை என்று வைக்கலாம்.

இதை இந்திய நடைமுறையோடு ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதையும் சேர்க்கிறேன். பிரிட்டனில் இடைக்கால விடைக்குப் பிறகும் வினா திறந்தே இருக்கும்; முழு விடை அதே எண்ணில் வந்து சேரும். மக்களவையில் ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவை முன் வைக்கப்படும்’ என்று அமைச்சர் சொன்னால் வினா அன்றோடு முடிந்தது. அந்தத் தொடர் ஓர் உறுதிமொழியாகத் தனி வாழ்க்கை தொடங்குகிறது. 1953 முதல் இருக்கும் அரசு உறுதிமொழிக் குழு அதைக் குறித்துக்கொள்ளும். 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அமைச்சகம் குழுவிடம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். எந்தெந்தத் தொடர்கள் உறுதிமொழியாகும் என்று பட்டியலே உண்டு. ‘பரிசீலனையில் உள்ளது’ அதில் ஒன்று. அதனால்தான் விடை எழுதும் அலுவலர்கள் அந்தச் சொல்லைக் கண்டால் ஒதுங்குவார்கள். மொழிபெயர்ப்பில் ‘ஆராயப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’ என்று அழகுக்காக மாற்றி மாற்றி எழுதினால் உறுதிமொழியைத் தேடுகிறவருக்கு அது அகப்படாது. ஒரே தொடரையே எல்லா இடத்திலும் வையுங்கள்.

ஆக இரண்டு சொல்: பிரிட்டனுக்கு இடைக்கால விடை, இந்தியாவுக்கு உறுதிமொழி விடை.

———

மறு: தவணை விடை

> சொற்பட்டியல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஏற்கிறேன், மனமில்லாமல்.

வினா வாசகத்தில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களையும் இந்தச் சாக்கில் நிலைப்படுத்தலாமா? தமிழ்நாடு சட்டமன்றத்தில் வினாவின் கடைசிப் பகுதி ‘அரசு ஆவன செய்யுமா?’ என்று முடியும். இலங்கையில் ‘இன்றேல், ஏன்?’ என்று முடியும். முதல் பகுதிக்கு ‘இல்லை’ என்று விடை வந்தால் பின்பகுதிக்குச் சென்னையில் ‘எழவில்லை’ என்பார்கள். அதை ‘கேள்விக்கே இடமில்லை’ என்று மாற்றி எழுதினால் அமைச்சர் கோபப்பட்ட மாதிரி ஆகிவிடுகிறது. உண்மையில் முந்தைய விடையைப் பார்த்தால் இந்தப் பகுதிக்கு வேலையில்லை என்பதுதான் பொருள்.

———

மறு: விடைக்கான வினா (பட்டியலுக்கு)

‘எழவில்லை’ அப்படியே இருக்கட்டும். பதிவேற்றப் போகும் வாசகம் இது. எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கள்.

எழுத்துவிடைக்கான வினா: அமைச்சரிடம் எழுத்தில் விடை வேண்டி அவையின் பட்டியலில் இடம்பெறும் வினா. துணைக்கேள்விக்கு இடமில்லை. பழைய வழக்கு: நட்சத்திரக் குறியிடாத வினா, உடுக்குறியிடாத வினா. இலங்கை: எழுத்துமூல விடைக்கான வினா.

வாய்மொழி விடைக்கான வினா: அவையில் அமைச்சர் நேரில் விடை தர வேண்டிப் பட்டியலில் இடம்பெறும் வினா. நேரமின்மையால் விடை எழுத்தில் வைக்கப்பட்டாலும் வகை மாறாது. பழைய வழக்கு: நட்சத்திரக் குறியிட்ட வினா, உடுக்குறியிட்ட வினா. இலங்கை: வாய்மூல விடைக்கான வினா.

அவை முன் வைத்த விடை: எவ்வகை வினாவுக்கும் வரலாம். இலங்கை: சபாபீடத்தில் வைக்கப்பட்ட விடை.

பழைய பெயர்களை நீக்கவில்லை, தேடினால் புதிய பெயருக்குக் கொண்டுவிடும் வழிமாற்றாக இருக்கும். போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் ‘நட்சத்திர’ என்றுதான் தேடுவார்கள்.

தரவுத்தளத்தில் * குறிக்குப் பதில் எண்ணுக்கு முன் வாய்மொழிக்கு ‘வா’, எழுத்துக்கு ‘எ’. எண் தனியாக நிற்காது. அவை, கூட்டத்தொடர், வகை, எண், விடை நாள் ஐந்தும் சேர்ந்தே வரும். தலைவர் வகை மாற்றியிருந்தால் அச்சான பட்டியலின் வகையே செல்லும்.

———

மறு: விடைக்கான வினா (பட்டியலுக்கு)

ஒரு திருத்தம். ‘எ’ வேண்டாம். எ.கா., எண் இரண்டும் அதே எழுத்தில் தொடங்குகின்றன. ‘எ 45’ என்றால் எண் 45 என்றே படிப்பார்கள். எழு, வாய் என்று முழு அசையாக வையுங்கள்: எழு 45, வாய் 45.