புதுப்பிப்பு: ஓவனிலிருந்து வளைந்து வரும் கார்பன் ஃபைபர் தகடு

முன்பு நான் கேட்டது இதுதான்: சேலத்தில் எங்கள் பட்டறையில் அச்சின் மேல் கார்பன் இழை அடுக்குகளை வைத்து, எபாக்சி பிசினில் இறுகவைத்துச் செய்யும் கார்பன் ஃபைபர் தகடுகள் ஓவனை விட்டு எடுத்ததும் வளைகின்றன, 90 டிகிரி எல் வடிவத் துண்டுகள் உள்பக்கம் மடிகின்றன. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தகடு சரியாகிவிட்டது. அடுக்குகளின் வரிசையைச் சிலர் சந்தேகித்தீர்கள். அது நடுத்தளத்துக்கு இருபுறமும் சமச்சீராகத்தான் இருந்தது. வில்லன் அலுமினிய அச்சு. ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரோமீட்டர் விரியும். கார்பன் இழை நீளவாக்கில் விரிவதே இல்லை எனலாம். விரியும் அச்சு தன்னை ஒட்டிய அடுக்கை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறது, பிசின் அதே நிலையில் இறுகிவிடுகிறது. அதனால் இரும்பு அச்சுக்கு (அதே கணக்கில் சுமார் 12 மைக்ரோமீட்டர்தான்) மாறி, அடுக்கு ஒட்டாமல் வழுக்க இடையில் டெஃப்லான் தாளும் போட்டோம். சூட்டில் மிகக் குறைவாக விரியும் இன்வார் (இரும்பு-நிக்கல் கலவை) இன்னும் நல்லது. ஆனால் விலையைக் கேட்டால் முதலாளி ஏற்காடு ஏறி ஒளிந்துகொள்வார்.

அப்புறம் சூடு. நேராக 120-க்கு ஏற்றாமல், 60 டிகிரியிலேயே நன்றாக இறுகவிட்டு, பிறகு மெதுவாக ஏற்றி, மெதுவாகவே ஆறவிடுகிறோம். இறுகும் சூட்டுக்கும் அறை வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்தால் உள்ளே தங்கி வளைக்கும் தகைவும் (இழுவிசையும்) குறைகிறது. நேரம்தான் கூடுதல், கரண்ட் பில்லும்.

எல் துண்டு மட்டும் அடங்கவில்லை. மூலையில் தடிமன் திசையில் பிசின் சுருங்குகிறது, இழை திசையில் சுருங்குவதில்லை. கோணம் குறுகியே தீரும். அதனால் அச்சையே 91 டிகிரிக்குச் சற்று மேலாக வெட்டித் தரச் சொல்லியிருக்கிறேன்.