சொந்தமாகக் கட்டும் விமானத்திற்கு ஆன்டெனா: எதை நாமே செய்யலாம், எதை வாங்கலாம்?

கேள்வி (கட்டுநர்):
இரண்டு இருக்கைகள் கொண்ட சிறு விமானம் ஒன்றைக் கட்டி வருகிறேன். உடற்பகுதியும் செங்குத்து வாலும் கண்ணாடியிழையால் ஆனவை; இறக்கைகளின் முதன்மை உத்திரத்தில் மட்டும் கார்பன் இழை உள்ளது. பேச்சு ரேடியோ, வி.ஓ.ஆர். (தரை நிலையங்களின் அலைகளைக் கொண்டு திசை காட்டும் கருவி), டிரான்ஸ்பாண்டர் (தரை ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி), ஜி.பி.எஸ். ஆகிய நான்கிற்கும் விமானத்துக்கென்றே விற்கப்படும் ஆன்டெனாக்களை வாங்கினால் செலவு கணிசமாகிவிடும். செப்பு நாடாவை உட்புறத்தில் ஒட்டியே சிலர் சமாளிப்பதாக அறிகிறேன். எதில் சிக்கனம் பார்க்கலாம், எதில் பார்க்கக் கூடாது?

மறுமொழி (அலைநீளம்):
உங்கள் உடற்பகுதி கண்ணாடியிழை என்பதே பெரிய வசதி. ரேடியோ அலைகள் அதனூடே தடையின்றிச் செல்லும். ஆனால் கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்துவதால் உலோகத் தகட்டைப் போலவே அலைகளை மறைத்துவிடும். எனவே இறக்கை உத்திரத்தின் அருகில் எந்த ஆன்டெனாவையும் வைக்காதீர்கள். உலோகத்துகள் கலந்த வண்ணப்பூச்சையும் தவிர்ப்பது நல்லது.

பேச்சு ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. நடுவிலுள்ள 127 மெகாஹெர்ட்ஸுக்கு, ஒவ்வொரு கையும் சுமார் 56 செ.மீ. நீளமுள்ள செப்பு நாடா இருமுனை ஆன்டெனாவை (நடுவில் கேபிள் சேரும், இரு சம கைகள் கொண்டது) செங்குத்து வாலின் உட்புறத்தில் ஒட்டலாம். தரை நிலையங்களின் அலைகள் செங்குத்தாக அதிர்வதால் நம் ஆன்டெனாவும் செங்குத்தாகவே நிற்க வேண்டும். ஆயினும் வால் பின்னோக்கி 30 பாகை சாய்ந்திருந்தாலும் இழப்பு 1.25 டெசிபெல்தான், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நாடா அகலமாக இருந்தால் இந்த அலைவரிசை முழுவதிலும் ஆன்டெனா சீராகப் பொருந்தும். மெல்லிய கம்பியில் நடுப்பகுதி மட்டும் நன்றாக இருந்து இரு ஓரங்களும் கெட்டுவிடும்.

வி.ஓ.ஆர். அலைகள் கிடைமட்டமாக அதிர்கின்றன. கிடைமட்ட வாலில் கை ஒன்றுக்கு சுமார் 63 செ.மீ. நீளமுள்ள நாடாவை ஒட்டினால் போதும். அது அலைகளைப் பெறும் வேலையை மட்டுமே செய்வதால் சிறு பிழைகளை மன்னிக்கும். ஜி.பி.எஸ். கருவியுடன் வரும் ஆன்டெனாவை, வானத்தைப் பார்க்கும்படி மேலோட்டின் கீழேயே பொருத்திவிடலாம்.

டிரான்ஸ்பாண்டர் வேறு கதை. 1090 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ 7 செ.மீ. மட்டுமே. பேச்சு ரேடியோவின் ஆன்டெனாவில் 5 மி.மீ. பிசகினால் ஒரு சதவீதம்கூட ஆகாது. இங்கே அதே பிசகு ஏழு சதவீதம். குட்டைக் கம்பியும் முனையில் சிறு குமிழும் கொண்ட ஆன்டெனாவே கடைகளில் கிடைப்பவற்றுள் மிக எளியது. அதை வாங்கி வயிற்றுப்புறத்தில் பொருத்துங்கள். உள்ளே குறைந்தது 7 செ.மீ. ஆரமுள்ள அலுமினியத் தகடு ஒன்று கிரவுண்ட் பிளேனாக, அதாவது ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்யும் உலோகத் தளமாக, இருக்க வேண்டும். அதற்கு மேலே நேராக யாரும் உட்காராதபடி இடம் பார்ப்பதும் அவசியம்.

மறுமொழி (பட்டறைக்காரர்):
மேலே சொன்னவற்றில் விடுபட்டது கேபிள். ஆன்டெனாவில் மிச்சம் பிடித்துவிட்டு மட்டமான கேபிளைப் போடுவதில் பயனில்லை. ஆர்.ஜி.-58 கேபிளில் 3 மீட்டர் தூரத்துக்கு, பேச்சு ரேடியோவில் இழப்பு அரை டெசிபெல் அளவே. டிரான்ஸ்பாண்டரில் அதே தூரம் ஏறத்தாழ 2 டெசிபெல்லை, அதாவது ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், விழுங்கிவிடும். ஆகவே டிரான்ஸ்பாண்டருக்கு இழப்பு குறைந்த ஆர்.ஜி.-400 போட்டுக் கேபிளையும் குட்டையாக வையுங்கள்.

நாடா ஆன்டெனாவுடன் கேபிள் சேரும் இடத்தில் கேபிளின் மேல் இரண்டு மூன்று ஃபெரைட் (ஒரு வகைக் காந்தப்பொருள்) வளையங்களைக் கோத்துவிடுங்கள். தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. வளையம் இல்லாவிட்டாலும் ரேடியோ பேசும் என்பது உண்மைதான். ஆனால் கேபிளின் வெளியுறையிலும் மின்னோட்டம் பாய்ந்து, அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது ஹெட்செட்டில் இரைச்சல் கேட்கக்கூடும். வாலை மூடி ஒட்டிய பிறகு அந்த இடத்தை எட்ட வழியில்லை.

கட்டுநர்:
இருவருக்கும் நன்றி. வாலின் உச்சியிலுள்ள விளக்கிற்குச் செல்லும் மின்கம்பி, நாடாவுக்கு இணையாக ஓட வேண்டியிருக்கிறதே?

மறுமொழி (அலைநீளம்):
அது தொல்லை தரும். இணையாக அருகில் ஓடும் நீண்ட கம்பி எதுவும் ஆன்டெனாவின் பகுதியாகவே நடந்துகொள்ளும். விளக்குக் கம்பியை வாலின் பின்விளிம்பு ஓரமாகவும் நாடாவை முன்விளிம்பு ஓரமாகவும் கொண்டுசெல்லுங்கள். ஆன்டெனாவின் கேபிளும் நடுவிலிருந்து சிறிது தூரம் செங்கோணத்தில் விலகிய பின்னரே கீழே திரும்ப வேண்டும். உயரம் போதாவிட்டால் நாடாவின் முனைகளை மட்டும் மடக்கலாம். முனைகளில் மின்னோட்டம் குறைவு என்பதால் இழப்பு பெரிதாக இராது.

ஒட்டும் முன் கைகளைச் சற்று நீளமாக விட்டு, எல்லாக் கம்பிகளும் உரிய இடத்தில் இருக்கும்போது, நானோ வி.என்.ஏ. போன்ற சிறு கருவியால் எஸ்.டபிள்யூ.ஆர். எனப்படும் நிலை அலை விகிதத்தை அளந்து, இரு கைகளையும் சமமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். விகிதம் 2 என்றால் திரும்பி வரும் ஆற்றல் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம். அலைவரிசை முழுவதிலும் 2-க்குள் நிற்கிறது என்றால் வாலை மூடிவிடலாம்.