தலையாட்டல், கடிகாரம், பிரிந்த ரயில்: மொழி தெரியாத ஊர்களில் நமக்கு நேர்ந்தவை

முகில்வழி:
பல்கேரியத் தலையாட்டல் பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். ‘ஆம்’ என்றால் தலை பக்கவாட்டில் அசையும், ‘இல்லை’ என்றால் மேலும் கீழும். போவதற்கு முன்பே எனக்கும் தெரியும். ஆனாலும் புளோவ்திவ் நகரின் ரொடோபி பஸ் நிலையத்தில் நடந்தது மனதை விட்டு அகலவில்லை. ஸ்மோல்யான் என்ற மலையூருக்குப் போக வேண்டும். பலகைகள் எல்லாம் சிரிலிக் எழுத்தில். புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸின் ஓட்டுநரிடம் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னேன். பக்கவாட்டில் தலையசைத்தார். அது ‘ஆம்’ என்று அறிவுக்குத் தெரிகிறது, கால் நகர மறுக்கிறது. மறுபடியும் கேட்டேன். அதே அசைவு, இன்னும் அழுத்தமாக. அப்படி அசைத்துக்கொண்டே என் தோளிலிருந்த பையைக் கழற்றி, பஸ்ஸின் அடியில் சாமான் வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். முகம் மறுக்கிறது, கைகள் பையை ஏற்றுகின்றன. நான் பையின் பட்டையை விடவே இல்லை. அவர் பொறுமையாக என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். படித்து அறிந்த ஒரு விஷயம் உடம்புக்குப் போய்ச் சேர இவ்வளவு நேரமா என்பதுதான் இன்றும் குடைகிறது.

நெடுஞ்சாலை:
நீங்கள் சொல்வது பாதிதான் சரி. சோபியாவில் விடுதிப் பெண்ணிடம் படுக்கை இருக்கிறதா என்று கேட்டேன். மேலும் கீழும் தலையாட்டிவிட்டுச் சாவியை நீட்டினார். வெளிநாட்டவரோடு பழகியவர்கள் நமக்காக அசைவை மாற்றிக்கொள்கிறார்கள், தங்களுக்குள் பேசும்போது பழையபடி ஆட்டுகிறார்கள். ஆகவே தலையைப் பார்ப்பதையே விட்டுவிடுங்கள், காதால் கேளுங்கள். ‘தா’ என்றால் ஆம், ‘நே’ என்றால் இல்லை. எல்லை தாண்டிக் கிரீஸுக்குள் போனால் இதையும் மறந்துவிட வேண்டும், அங்கே ‘நே’ என்றால் ஆம். புருவத்தை உயர்த்தித் தலையைச் சற்றே பின்னால் சாய்த்தால் இல்லை.

இதைவிட நல்லது, ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியையே தவிர்ப்பது. ‘ஸ்மோல்யான் பஸ் எது?’ என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். ஊர்ப் பெயரை அந்த நாட்டு எழுத்திலேயே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தில் அதுவும் போதாது. பிரெஞ்சு பேசும் மோன்ஸ் நகரத்துக்குப் போகிறவர் டச்சு பேசும் பகுதிக்குள் நுழைந்ததும் சாலைப் பலகைகளில் ‘பெர்ஹன்’ என்று படிப்பார். லியேஜ் ‘லாய்க்’ ஆகிவிடும். பிரான்சில் இருக்கும் லீல் நகரம்கூட அங்கே ‘ரைசல்’தான். இரண்டு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், வண்டி ஓட்டுகிறவரிடமும் இரண்டையும் காட்டுங்கள்.

வடகாற்று:
முகில்வழி அறிவுரை கேட்கவில்லை, நெடுஞ்சாலை. தனக்குத் தெரியும் என்று முதலிலேயே எழுதிவிட்டார். தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை என்பதுதான் அவர் பேச்சு.

எனக்கு எத்தியோப்பியா. பாஹிர் தாரிலிருந்து கோண்டாருக்குப் பஸ் 11 மணிக்கு என்றார் விடுதிக்காரர். நிம்மதியாகப் படுத்துவிட்டேன். இருட்டில் கதவைத் தட்டுகிறார். திறந்தால், கைவிளக்கைத் தன் மணிக்கட்டின் மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் கடிகாரத்தில் 11, என்னுடையதில் விடியற்காலை 5. இரண்டும் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே மணி விடியலிலிருந்து எண்ணப்படுகிறது, நம் காலை 7 அவர்களுக்கு 1 மணி. டிக்கெட்டில் போட்டிருந்த ஆண்டோ பல வருடங்கள் பழையது. அவர்கள் நாள்காட்டியில் 13 மாதங்கள், ஆண்டு நம்முடையதைவிட 7 அல்லது 8 குறைவு. செல்லாத டிக்கெட்டை விற்றுவிட்டார்களோ என்று நான் பதறியபோது அந்த மனிதர் சிரிக்கவில்லை. என் காலணிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நிலையம்வரை கூடவே ஓடி வந்தார்.

சன்னலோரம்:
என்னுடையதைச் சொன்னால் ரயிலில் ஏறிய யாரும் நம்புவதில்லை. மியூனிக்கிலிருந்து டெகர்ன்சே ஏரிக்குப் போகிறோம். தோழி முன்பெட்டியில் சன்னல் இருக்கை கிடைத்ததென்று அங்கே உட்கார்ந்துவிட்டாள், நான் பின்னால். ஹோல்ஸ்கிர்ஷன் நிலையத்தில் ஜெர்மன் மொழியில் நீண்ட அறிவிப்பு. பிறகு எங்கள் வண்டி நிற்கிறது, அவள் பெட்டி மட்டும் நகர்கிறது! சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு ஏதோ சொல்கிறாள். மியூனிக்கில் ஒன்றாகப் புறப்படும் ரயில் அங்கே பிரிகிறது. ஒரு பகுதி பாய்ரிஷ்செல் போகும். மிச்சம் ஷாஃப்ட்லாஹ் நிலையத்தில் மறுபடி பிரிந்து ஒன்று லெங்ரீஸுக்கும் இன்னொன்று டெகர்ன்சேக்கும் போகும்.

எங்களுடையது பவேரியா டிக்கெட். 5 பேர்வரை ஒரே தாளில் போகலாம், அந்தத் தாள் அவளிடம். பரிசோதகர் வந்துவிட்டார். டிக்கெட் இல்லாதவருக்கு அங்கே அபராதம் 60 யூரோ. எனக்கு ஜெர்மன் வராது, அவருக்கு ஆங்கிலம் ஓரிரு சொல். நான் வெறும் கையைக் காட்டினேன், பிறகு முன்பக்கம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு வெற்றுத் தாளில் கோடு வரைந்து அதை மூன்றாகப் பிரித்தார். முனைகளில் ஊர்ப் பெயர்களை எழுதினார். பாய்ரிஷ்செல் மேல் விரலை வைத்துப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டியதும் அதே தாளின் கீழே இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார், வேறு யாராவது கேட்டால் காட்டுவதற்கு. அபராதம் போட அவருக்கு முழு உரிமை இருந்தது. எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்?

நெடுஞ்சாலை:
நிலையப் பலகையை மட்டும் நம்பாமல் பெட்டிக்குள் இருக்கும் திரையில் சேருமிடத்தைப் படித்திருக்க வேண்டும். எந்த நாட்டிலும் ரயில் பிரியலாம். ஆளுக்கொரு தனி டிக்கெட் எடுப்பது இன்னும் பாதுகாப்பு.

மெதுநடை:
மறுபடியும் அறிவுரை! கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். சீனாவில் குன்மிங் சந்தையில் ஒருவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினார். இரண்டு யுவான் என்று எடுத்துக் கொடுத்தேன். கையைத் தள்ளிவிட்டு மறுபடி அதே இரண்டு விரல். அங்கே அது 8. கட்டைவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்தால் 6. என்னை ஏமாற்றுக்காரன் என்று அவர் நினைத்த அந்த அரை நிமிடம் இன்னும் உறுத்துகிறது.

சன்னலோரம், தோழி என்ன ஆனார்?

சன்னலோரம்:
அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர் ரயிலில் ஹோல்ஸ்கிர்ஷனுக்கே திரும்பிவிட்டாள். நானும் ஷாஃப்ட்லாஹில் இறங்கித் திரும்பினேன். அன்று ஏரிக்குப் போகவில்லை. நெடுஞ்சாலை, அவள் பெட்டியில் திரை வேலை செய்யவில்லை.