தன்வரலாறு அடக்கிச் சொன்னதை நாவல் உரக்கச் சொல்கிறதா? டக்ளஸ், ஜேக்கப்ஸ், மாரிசன்

கரிசல்வாசகி:
அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களின் மூன்று நூல்களை அடுத்தடுத்து வாசித்து முடித்தேன். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாறு முதலில். அவரைப் போலவே அடிமையாக இருந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ், லிண்டா பிரென்ட் என்னும் புனைபெயரில் 1861இல் வெளியிட்ட தன்வரலாறு அடுத்து. கடைசியாக, அடிமைமுறையைப் பற்றி டோனி மாரிசன் 1987இல் எழுதிய ‘பிலவட்’ நாவல். மூன்றில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது நாவல்தான் என்று ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. பட்டவர்களே எழுதியதை நிதானமாக வாசித்துவிட்டு, பல தலைமுறை கழித்துப் பிறந்த ஒருவரின் கற்பனைக்குக் கலங்கியிருக்கிறேன்.

டக்ளஸின் தாய் பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, இரவில் 12 மைல் நடந்து வந்து மகனோடு படுத்திருந்து, அவன் விழிப்பதற்குள் போய்விடுவார். அந்தத் தாய் இறந்த செய்தியை அந்நியர் ஒருவரின் சாவைக் கேட்பதுபோலவே கேட்டதாக டக்ளஸ் எழுதுகிறார். உடனே பேச்சு, தன் தந்தை யார் என்பதற்குப் போய்விடுகிறது. ஜேக்கப்ஸோ, எசமானின் பாலியல் தொல்லையிலிருந்து தப்பும் பொருட்டு வேறொரு வெள்ளையரோடு கொண்ட உறவைச் சொல்லுமிடத்தில் வாசகரிடம் மன்னிப்புக் கேட்கிறார். அவர் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? இந்த அடக்கத்தை எப்படி வாசிப்பது?

பழையபதிப்பு:
அந்த நூல்கள் யாரை நோக்கி எழுதப்பட்டன என்பதிலிருந்து தொடங்கலாம். 1838இல் தப்பி வந்த டக்ளஸ் மேடையேறிப் பேசியபோது, இவ்வளவு நன்றாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று சந்தேகித்தவர்கள் உண்டு. ஆகவே 1845ஆம் ஆண்டு நூல், சாட்சிக்கூண்டில் நின்று சொல்வதுபோல, எசமானர்களின் பெயரையும் ஊரையும் சொல்லிச் செல்கிறது. அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய வெள்ளையர் இருவர், காரிசனும் பிலிப்ஸும், நூலின் முன்பக்கங்களில் அது உண்மை என்று உறுதிமொழி தருகிறார்கள். பெயர்களை வெளியிட்டதால் பிடிபடும் ஆபத்து வந்து அவர் கடல் கடந்து போக நேர்ந்தது. பிரிட்டனின் ஆதரவாளர்கள் பணம் திரட்டி, எசமானுக்கு விலை கொடுத்து 1846இல் அவரை மீட்டார்கள். எப்படித் தப்பினார் என்பதையோ அவர் சொல்லவே இல்லை, சொன்னால் அடுத்துத் தப்புகிறவர்களின் வழி அடைபடும் என்பதால். மாலுமி உடையில், இரவல் வாங்கிய மாலுமிச் சான்றிதழோடு ரயிலேறிய கதை அடிமைமுறை ஒழிந்து வெகுகாலம் கழித்து, 1881ஆம் ஆண்டுத் தன்வரலாற்றில்தான் வருகிறது.

தாயைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு, 1855இல் அவர் எழுதிய இரண்டாம் தன்வரலாற்றை வாசியுங்கள். சமையற்காரி நாள் முழுதும் பட்டினி போட்ட சிறுவனை அங்கே தாய் வந்து மடியில் வைத்துக்கொள்கிறார், சமையற்காரியைக் கண்டிக்கிறார், இஞ்சி கலந்த இனிப்பு கேக் ஒன்றைக் கொடுக்கிறார். அதன் இதய வடிவத்தையும் ஓரத்துப் பளபளப்பையும்கூட டக்ளஸ் நினைவில் வைத்திருக்கிறார். தூங்கி விழித்தால் தாய் இல்லை. சாட்சி சொல்லும் கடமை சற்றுத் தளர்ந்த பிறகுதான் மகன் பேசத் தொடங்குகிறான் என்றே நான் வாசிக்கிறேன்.

பரண்மேல்:
அடக்கம் என்ற சொல்லையே நான் ஏற்கவில்லை. ஜேக்கப்ஸ் எசமானிடமிருந்து தப்பியோடி, நார்த் கரோலினாவின் ஈடன்டன் ஊரில், பாட்டி வீட்டுக் கொட்டகையின் பரணில், 1835 முதல் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஒளிந்திருந்தார். 9 அடி நீளம், 7 அடி அகலம், உயர்ந்த இடத்தில் 3 அடி என்று அளவு கொடுக்கிறார். பழைய அண்டாவையும் கிழிந்த பாயையும் போட்டு வைக்கும் எங்கள் வீட்டுப் பரணுக்கே இரண்டரை அடி உயரம் இருக்கிறது. அதில் ஏறி ஐந்து நிமிடம் படுத்துப் பார்த்தேன், புரண்டு படுக்கத் தோள் இடிக்கிறது. துளையிடும் சிறு கருவி ஒன்று கையில் அகப்பட, வரிசை வரிசையாகத் துளைபோட்டு, இடையிலிருந்த மரத்தையும் எடுத்து, ஓரங்குலச் சதுரம் திறந்து, தெருவில் போகும் தன் பிள்ளைகளைப் பார்க்கிறார், கூப்பிட முடியாது. இதைவிட உரக்க எப்படிச் சொல்வது?

அவர் மன்னிப்புக் கேட்பதையும் முழுதாகப் படியுங்கள். வடக்கு மாநிலத்து வெள்ளைப் பெண்களின் ஒழுக்க அளவுகோலுக்கு முதலில் தலைகுனிகிறார். பிறகு, அடிமைப்பெண்ணை மற்றப் பெண்களுக்குரிய அதே கோலால் அளக்கக் கூடாது என்று நிமிர்ந்து சொல்கிறார். இத்தனைக்கும் அவருடைய நூல் புனைவு என்றும், பதிப்பித்த லிடியா மரியா சைல்டே எழுதியது என்றும் நெடுங்காலம் பலர் எண்ணினார்கள். கடிதங்களை ஆராய்ந்த ஜீன் ஃபேகன் யெலின்தான் 1980களில் ஜேக்கப்ஸே ஆசிரியர் என்று நிறுவினார்.

ஒற்றைப்பனை:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நாவலும் வெறுங்கற்பனை அன்று. 1856இல் கென்டக்கியிலிருந்து உறைந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து வந்து, பிடிபடும் தறுவாயில் தன் மகளைக் கொன்ற மார்கரெட் கார்னரைப் பற்றிய பழைய செய்திதான் அதன் விதை. அடிமைகளின் தன்வரலாறுகள் மிகக் கொடுமையான இடங்களில் திரை போட்டுவிட்டன, அத்திரையைக் கிழிப்பதே தன் வேலை என்று மாரிசன் தம் கட்டுரையொன்றில் எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் தூக்கம் கெட்டதில் கூச்சப்பட எதுவுமில்லை.

கரிசல்வாசகி:
மூவருக்கும் நன்றி. பதில்களைப் படித்துவிட்டு டக்ளஸின் முதல் அத்தியாயத்தை மீண்டும் எடுத்தேன். தாய் இறந்த செய்தியைச் சொல்லும் அந்த வாக்கியம், தாயின் அருகாமையும் அரவணைப்பும் தமக்குப் பெரிதாக வாய்த்ததே இல்லை என்றுதான் தொடங்குகிறது. செய்தியைக் கேட்டது அதன் பின்பாதி. நான் பின்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அவரைக் குறை சொல்லியிருக்கிறேன்.