ஐடெக்ஸ் மானியம்: இ.எம்.சி. சோதனையில் தேறவில்லை, இரண்டாம் தவணை நின்றுவிட்டது, என்ன செய்வது?

கோவைப் பட்டறை:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோவையில் பதினான்கு பேருடன் இயங்கும் சிறிய தொழிற்கூடம். உத்யம் பதிவில் குறு நிறுவனமாக இருக்கிறோம். பல ஆண்டுகளாகப் பம்புகளுக்கு மோட்டார் செய்து கொடுத்துவந்த நாங்கள், புதிய பாதுகாப்புக் கருவிகளை உருவாக்கச் சிறு நிறுவனங்களுக்கு மானியம் தரும், பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் திட்டத்தில் வந்த ஓர் அறைகூவலுக்கு விண்ணப்பித்துத் தேர்வானோம். வாகனத்தின் மேல் பொருத்தும் கேமராத் தாங்கியைச் சுழற்றும் மோட்டாரையும், அதை இயக்கும் மின்னணுப் பெட்டியையும் உருவாக்க வேண்டும். திட்டச் செலவு 1 கோடியே 80 லட்சம் ரூபாய். ஐடெக்ஸின் ஸ்பார்க் வகை மானியமாக 90 லட்சம், எங்கள் பங்காக 90 லட்சம்.

முதல் தவணை ஒப்பந்தம் கையெழுத்தானதும் வந்துவிட்டது. இரண்டாம் தவணைக்கான கட்டம் எங்கள் ஒப்பந்தத்தில் "முன்மாதிரி தயாராகிச் சோதனைகளில் தேறியிருத்தல்" என்று ஒரே வரியில் இருக்கிறது. ஜே.எஸ்.எஸ். 55555 என்னும் பாதுகாப்புத் துறைச் சூழல் சோதனைத் தரத்தின்படி அதிர்வு, வெப்பம், ஈரப்பதம் ஆகிய சோதனைகளில் பெட்டி தேறிவிட்டது. ஒரு கருவி மற்றக் கருவிகளுக்கு இடையூறாகிறதா என்று பார்க்கும் மின்காந்த இணக்கச் சோதனையில்தான் (இ.எம்.சி.; மில்-எஸ்டிடி-461 தரத்தின் ஆர்.இ.102) 30 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை பெட்டியிலிருந்து வெளியேறும் மின்காந்த அலை வரம்பைத் தாண்டியது. ஆய்வகத்தில் அடுத்த தேதி ஏழு வாரங்களுக்குப் பிறகுதான் கிடைக்கிறது. கட்டத்தின் கெடுவோ இன்னும் பத்தொன்பது நாட்களில் முடிகிறது.

இரண்டாவது சிக்கல் கணக்கில். முதல் தவணையைத் தனிக் கணக்கில் வைக்காமல், எங்கள் வழக்கமான ஓவர்டிராஃப்ட் கணக்கிலேயே வாங்கிவிட்டோம். மானியத்தை எதற்குச் செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழுக்காகக் கணக்கைக் கேட்ட ஆடிட்டர், மானியப் பணம் எது, எங்கள் பங்கு எது என்று இதில் பிரித்துக் காட்ட முடியவில்லை என்கிறார். தேறிய சோதனைகளை மட்டும் காட்டித் தவணையில் ஒரு பகுதியைக் கேட்கலாமா? கணக்கைச் சரிசெய்ய வழி உண்டா? ஓவர்டிராஃப்ட் வரம்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அடுத்த மாதச் சம்பளத்தை நினைத்தால் உறக்கம் வருவதில்லை.

ஓசூர் மின்னணு:

ஐயா, முதலில் பத்தொன்பது நாள் என்பதைக் கவனியுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். கெடு முடியும் முன்பு கேட்கும் கால நீட்டிப்பும், முடிந்த பின்பு கேட்கும் கால நீட்டிப்பும் கோப்பில் ஒன்றாகத் தெரிவதில்லை: முன்னது திட்டத்தை நடத்துகிறவர் எழுதும் கடிதம், பின்னது தவறியவர் தரும் விளக்கம். இதை நான் என் திட்டத்தில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கெடு கடந்து பதினோரு நாள் கழித்து எழுதிய ஒரு கடிதத்துக்காக நான்கு மாதம் காத்திருந்தேன்.

ஒப்பந்தத்தில் கால நீட்டிப்பைப் பற்றிய பிரிவைப் படித்து, அதன் எண்ணைக் குறிப்பிட்டே கடிதம் எழுதுங்கள். எந்தச் சோதனை எந்த நாளில் நடந்தது, எதில் தேறியது, எதில் எந்த அலைவரிசையில் எவ்வளவு தாண்டியது, காரணம் என்னவென்று கருதுகிறீர்கள், என்ன மாற்றம் செய்கிறீர்கள், ஆய்வகம் தந்திருக்கும் மறுதேதி எது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தேறாத சோதனையின் அறிக்கையையும் இணையுங்கள். தேறவில்லை என்பதை மறைத்துத் தேறியவற்றை மட்டும் அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் அறைகூவலை முன்வைத்த படைப்பிரிவின் தொடர்பு அதிகாரி பின்னால் களச் சோதனையில் இதே பெட்டியைத்தான் பார்க்கப்போகிறார். அங்கே வானொலித் தொடர்பில் இரைச்சல் வந்தால் தவணையோடு சேர்ந்து நம்பிக்கையும் போய்விடும். கடிதத்தை, இந்தத் திட்டத்தில் உங்களுக்குத் துணைநிற்கும் இன்குபேஷன் மையத்தின் வழியாக அனுப்புங்கள். ஆனால் அனுப்பும் முன் தொடர்பு அதிகாரியிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

பகுதித் தவணையைப் பொறுத்தவரை, ஒரே வரியில் எழுதப்பட்ட கட்டத்துக்குப் பாதிப் பணம் கேட்பது கடினம். அதற்குப் பதிலாக, அந்தக் கட்டத்தை "முன்மாதிரியும் சூழல் சோதனைகளும்", "இ.எம்.சி. சோதனை" என்று இரண்டாகப் பிரித்துத் தவணையையும் பிரிக்குமாறு அதே கடிதத்தில் ஒப்பந்தத் திருத்தம் கேளுங்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், கேட்பதில் தவறில்லை. புதிதாக விண்ணப்பிக்கிறவர்கள் இதை ஒப்பந்தம் போடும்போதே கவனிக்க வேண்டும்: நம் கையில் இருக்கும் வேலையையும், ஆய்வகத்தின் கையில் இருக்கும் வேலையையும் ஒரே கட்டத்துக்குள் கட்டிவைக்கக் கூடாது.

புதிய உறுப்பினர்:

எம்எஸ்எம்இ நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதே? தாமதமாகும் பணத்துக்கான அரசின் சமாதான் தளத்தில் புகார் பதிந்தால் தவணை வந்துவிடாதா?

ஈரோட்டு ஆடிட்டர்:

தம்பி, அந்தப் பிரிவு பொருளையோ சேவையையோ வாங்கிக்கொண்டு பணம் தராத வாங்குநருக்கு எதிரானது. இங்கே விற்பனையே நடக்கவில்லை. மானியத் தவணை ஒப்பந்த நிபந்தனை நிறைவேறினால் மட்டும் வருவது. நிபந்தனை நிறைவேறாத நிலையில் புகார் பதிவது வழக்குக்கும் உதவாது, உறவுக்கும் உதவாது.

கோவை நண்பரின் கணக்குச் சிக்கலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனென்றால் இந்தத் தவறைச் செய்கிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதில் கெட்ட எண்ணம் ஒருபோதும் இருப்பதில்லை. ஓவர்டிராஃப்ட் கணக்கில் மானியம் விழுந்த அந்த நொடியிலேயே அது உங்கள் பழைய கடனைக் குறைத்துவிடுகிறது. மறுநாள் நீங்கள் எடுத்துச் செலவழிப்பது, வங்கியின் பார்வையில், புதிய கடன். ஆகவே, காகிதத்தில் பார்க்கிறவருக்கு அரசுப் பணம் பம்பு மோட்டார் வியாபாரத்தின் கடனை அடைக்கப் போனது போலவும், திட்டம் முழுவதும் கடனில் நடந்தது போலவும் தெரியும்.

இதைச் சரிசெய்யலாம், ஆனால் பொறுமை வேண்டும். மானியம் வந்த நாளிலிருந்து இந்தத் திட்டத்துக்கென்று நடந்த ஒவ்வொரு கொள்முதலுக்கும் ஆர்டர், பில், பொருள் வரவுச் சீட்டு, வங்கியில் பணம் போன வரி ஆகிய நான்கையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்ட எண் இடுங்கள். சம்பளத்துக்கு, யார் எத்தனை நாள் இந்தத் திட்டத்தில் வேலை செய்தார் என்னும் பதிவு தேவை. அன்றாடம் எழுதவில்லை என்றால், வருகைப் பதிவேட்டையும் வரைபடங்களின் தேதிகளையும் கொண்டு உண்மையாகச் சொல்லக்கூடியதை மட்டும் எழுதி, இது பின்னர் தொகுத்தது என்று அதிலேயே குறிப்பிடுங்கள். முன்தேதியிட்டுப் பதிவேடு தயாரிக்கவே வேண்டாம். பழைய லேத்தையும் கட்டட வாடகையையும் உங்கள் பங்காகக் காட்ட நினைத்தால், ஒப்பந்தத்தோடு இணைந்த செலவுத் திட்டத்தில் அந்தத் தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. ஓவர்டிராஃப்ட் வட்டிக்கும் இதே விதிதான்.

இன்றே திட்டத்துக்கென்று ஒரு தனிக் கணக்கைத் திறந்து, மீதமுள்ள உங்கள் பங்கை அதில் போட்டு, அங்கிருந்தே செலவு செய்யுங்கள். அடுத்த தவணையும் அதற்கே வரும்படி எழுதிக் கொடுங்கள். பொது நிதி விதிகள் 2017-இன்படி மானியத் தொகைக்குக் கிடைக்கும் வட்டி அரசுக்கே திரும்பச் செல்ல வேண்டியது என்பதால், தனிக் கணக்கு இருந்தால் அந்தக் கணக்கும் தெளிவாக இருக்கும்.

சம்பளத்துக்கான இடைவெளியை மானியத்தை நம்பி நிரப்பாதீர்கள். கடன் உத்தரவாத அறக்கட்டளையின் கீழ், பிணை இல்லாமல் நடைமுறை மூலதனம் கேட்கலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கான அந்த உத்தரவாத வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 10 கோடி ரூபாய். ஒப்பந்தமும் முதல் தவணை வந்த சான்றும் வங்கி மேலாளரிடம் பேச உதவும்.

ஓய்வு பெற்ற சோதனைப் பொறியாளர்:

30 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது பெட்டி அல்ல. பெட்டிக்கும் மோட்டாருக்கும் இடையே ஓடும் கம்பிதான். இயக்கியின் சுவிட்சுகள் மாறும் வேகம் அந்தக் கம்பியின் வழியாக வெளியேறுகிறது. கம்பியின் மேலுறைக் கவசத்தை இணைப்பானில் எப்படி முடித்திருக்கிறீர்கள்? கவசத்தை முறுக்கி ஒரு சிறு வாலாக்கி ஒரு திருகில் கட்டியிருந்தால், அந்த வாலே அலைவாங்கிபோல் வேலை செய்யும். இணைப்பானின் பின்னுறையில் சுற்றிலும் 360 பாகையிலும் கவசம் பிடிபட வேண்டும். பெட்டி மூடியின் விளிம்பில் பெயின்ட் இருந்தால் அதையும் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடும்படி செய்யுங்கள்.

ஏழு வாரம் சும்மா இருக்க வேண்டியதில்லை. கருவியின் அருகே வைத்து அலையைப் பிடிக்கும் அருகலைச் சோதனைச் சுருள்களும் (நியர்-ஃபீல்டு புரோப்), எந்த அலைவரிசையில் எவ்வளவு என்று காட்டும் ஓர் அலைமாலைப் பகுப்பானும் (ஸ்பெக்ட்ரம் அனலைசர்) இருந்தால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து எவ்வளவு குறைந்தது என்று பட்டறையிலேயே பார்த்துவிடலாம். அது சான்றிதழ் ஆகாது; ஆனால் குருட்டு நம்பிக்கையோடு ஆய்வகத்துக்குப் போவதைத் தவிர்க்கும். சோதனை ஆய்வகங்களான கோவை சிடார்க், சென்னை தரமணியில் உள்ள சமீர் மையம் இரண்டிலும் விசாரியுங்கள்; வேறொருவர் விட்டுக்கொடுக்கும் தேதிக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் தரவும் தயங்காதீர்கள். பட்டறையில் எடுத்த இந்த முன்னளவையின் வரைபடங்களைக் கால நீட்டிப்புக் கடிதத்தில் இணைத்தால், படிக்கிறவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை பிறக்கும்.

கோவைப் பட்டறை:

மூவருக்கும் நன்றி. கவசத்தை வாலாக முறுக்கித்தான் கட்டியிருந்தோம். ஒரு கேள்வி மீதம் இருக்கிறது: எங்கள் வீட்டிலும் பங்குதாரரும் இதை இத்தோடு விட்டுவிட்டு, டிஆர்டிஓவின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். அதில் செலவில் 90 சதவீதம் வரை மானியம் உண்டாமே?

ஓசூர் மின்னணு:

உண்டு, ஒரு திட்டத்துக்கு 50 கோடி வரை என்பது அதன் உச்சவரம்பு. ஆனால் அங்கும் பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும், அங்கும் இ.எம்.சி. சோதனை இருக்கும். உருவாகும் அறிவுச் சொத்துரிமையில் டிஆர்டிஓவும் கூட்டு உரிமையாளர் என்பதையும் பங்குதாரரிடம் சொல்லுங்கள். ஐடெக்ஸில் 1 கோடியே 50 லட்சம் வரையிலான உங்கள் ஸ்பார்க் வகையைத் தாண்டி, 10 கோடி வரை பிரைம், 25 கோடி வரை அதிதி என்று மேல்நிலைகளும் வந்துவிட்டன. அவற்றுக்குப் போக நினைக்கிறவருக்கு, முடித்துக் காட்டிய ஒரு சிறு திட்டத்தைவிட நல்ல சான்று கிடையாது. 2018-இல் திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் இந்தத் திட்டம் தொடங்கப்பட்டபோது நான் அங்கே பார்வையாளனாக நின்றேன். பம்பு மோட்டார் செய்கிற ஒரு பட்டறை சூழல் சோதனைகளில் தேறிய பெட்டியைக் கையில் வைத்திருக்கும் நிலையை அன்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது விடாதீர்கள்.

கோவைப் பட்டறை (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

நிலவரத்தைப் பதிவு செய்கிறேன். கெடுவுக்கு ஒன்பது நாள் முன்பே கடிதம் போய்விட்டது; மூன்று மாத நீட்டிப்புக் கிடைத்தது. கட்டத்தைப் பிரிக்க ஒப்புக்கொள்ளவில்லை. இணைப்பானின் பின்னுறையை மாற்றியதும் எங்கள் முன்னளவையில் 38 மெகாஹெர்ட்ஸ் முனை நன்றாகத் தாழ்ந்தது. 46-இல் இன்னும் சற்றுத் தெரிகிறது, அதற்குக் கம்பியில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போட்டுப் பார்க்கிறோம். தனிக் கணக்குத் திறந்தாயிற்று. பில்களைத் திட்ட எண்ணோடு கோர்த்ததில், 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்ச் செலவுக்கு முழு ஆதாரம் இல்லை என்று தெரிந்ததால் அதை எங்கள் பங்கிலிருந்து நீக்கிவிட்டோம். அந்தத் தொகையைப் புதிதாகப் போட வேண்டும். வங்கி ஆவணங்களை வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆய்வகத்தில் வேறொருவர் தேதியை விட்டுக்கொடுத்ததால், வரும் வியாழனன்று காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறோம்.