லேமினேஷன் போட்ட திருமணச் சான்றிதழ், உதவி வேண்டும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சிங்கப்பூரில் ஈசூனில் அறை எடுத்து இருக்கிறேன், வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மனைவியும் மூன்று வயது மகளும் இன்னும் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் ஊரில்தான். மாதச் சம்பளம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருப்பதால், குடும்பத்தை இங்கே கூட்டி வந்து வைத்துக்கொள்ளும் டிபெண்டன்ட் பாஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கம்பெனியில் சொல்லி, திருமணச் சான்றிதழ் கேட்டார்கள்.

அங்கேதான் சிக்கல். 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எங்கள் சர்ச் ஐயர் (போதகர்) எழுதிக் கொடுத்த தாளை, கசங்கிவிடக் கூடாதே என்று அம்மா ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டு பைபிளுக்குள் வைத்திருந்தார். வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை வைக்க அது ஆகாது என்று ஏஜென்ட் சொல்ல, தம்பி ஓரத்தைப் பிளேடால் கீறி உரித்திருக்கிறான், பிளாஸ்டிக்கோடு ஒரு சாட்சியின் கையெழுத்தும் பாதி உரிந்து வந்துவிட்டது. அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, பத்திரமாக வைக்கத்தானே நினைத்தார்.

அப்புறம், சான்றிதழில் மனைவி பெயர் எஸ்தர் ராணி, பாஸ்போர்ட்டில் வெறும் எஸ்தர்.

யாராவது இப்படிப் புது நகல் வாங்கியிருக்கிறீர்களா? சர்ச்சின் சேகர ஆபீஸில் கேட்பதா, பதிவுத்துறையில் கேட்பதா? நான் கிரேஞ்ச் ரோடு இந்திய ஹைகமிஷனில் கடிதத்துக்குச் சான்று வாங்கி அனுப்பினால் தம்பி என் சார்பில் விண்ணப்பிக்க முடியுமா? பெயர் வித்தியாசத்துக்கு அபிடவிட் போதுமா?

அனுபவப்பட்ட அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். கிறிஸ்துமஸுக்குள் மகளைக் கூட்டி வந்துவிட வேண்டும்.